ஐபி வரவில்லை: பழி சர்வர் மேல், பழுது எங்கே?

"சார், ஐபி எடுக்க மாட்டேங்குது." கல்லூரிக் கணினிக் கூடமானாலும் சரி, மருத்துவமனை பில்லிங் கவுன்டரானாலும் சரி, நெட்வொர்க் பார்த்துக்கொள்பவருக்குக் காலையில் வரும் புகார் பெரும்பாலும் இந்த வார்த்தைகளில்தான் வரும். உடனே எல்லோருடைய சந்தேகமும் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் மேல் போகும். யாராவது ஒருவர் அதை ரீஸ்டார்ட் செய்துவிடுவார். சில நேரம் வேலை நடந்துவிடும். ஆனால் ஏன் நின்றது, ஏன் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே புகார் அதே நேரத்துக்கு வரும்.

முகவரி வழங்காத சர்வர் என்று நாம் சொல்லும் பழுதுகளில் பல, சர்வரில் இருப்பவை அல்ல. கருவிக்கும் சர்வருக்கும் நடுவே ஸ்விட்ச், ரிலே, ஃபயர்வால், வைஃபை ஆக்சஸ் பாயின்ட் என்று பல கைகள் இருக்கின்றன. அவற்றில் எது வேண்டுமானாலும் சத்தமில்லாமல் ஒரு பாக்கெட்டை விழுங்கிவிடலாம். ஆகவே கான்ஃபிகரேஷன் ஃபைலைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாக்கெட் எதுவரை போய்ச் சேர்ந்தது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

முகவரியே இல்லாத கருவி எப்படிப் பேசும்?

இந்தச் சிக்கல் பழையது. வட்டு இல்லாத கணினிகள் பிணையத்தின் வழியே பூட் ஆக வேண்டியிருந்த காலத்தில், 1984இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ரார்ப் என்ற நெறிமுறை வந்தது. அது ஐபி அடுக்குக்குக் கீழே இயங்கியதால் ரவுட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு பிணையத் துண்டிலும் ஒரு சர்வர் வேண்டியிருந்தது. 1985இல் பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி இந்தத் தடையை உடைத்தது. கேள்வியை வாங்கி வேறொரு பிணையத்தில் இருக்கும் சர்வருக்குக் கடத்திவிடும் ரிலே என்ற இடையாளை அது கொண்டுவந்தது. ஆனால் எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்பதை நிர்வாகி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மடிக்கணினிகள் ஊர் சுற்றத் தொடங்கியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1993இல் டிஹெச்சிபி வந்தது. ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதி 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2131தான் இன்றும் நடப்பில் உள்ள அடிப்படை ஆவணம். முகவரியைக் காலவரையறையோடு கொடுத்து, காலம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும் லீஸ் முறை இதன் புதுமை.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. பூட்பியின் பாக்கெட் அமைப்பைத்தான் டிஹெச்சிபி இன்றும் அப்படியே பயன்படுத்துகிறது. அதே போர்ட் எண்கள்: சர்வருக்கு 67, கருவிக்கு 68. ரிலே தன் முகவரியை எழுதும் கட்டமும் அதேதான். இன்று ஸ்விட்சுகளில் நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சில பழுதுகள் இந்தக் கட்டத்தைச் சுற்றியே நடக்கின்றன.

நடப்பது நான்கு செய்திகள். கருவி 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255க்கு ஒரு டிஸ்கவர் அனுப்புகிறது. சர்வர் ஒரு முகவரியை ஆஃபர் செய்கிறது. கருவி அதை ரிக்வெஸ்ட் மூலம் கேட்கிறது. சர்வர் லீஸைப் பதிவு செய்துவிட்டு அக் அனுப்புகிறது. லீஸின் பாதிக் காலம் கடந்ததும் கருவி அதே சர்வரிடம் நேரடியாகப் புதுப்பிக்கக் கேட்கும். 87.5 விழுக்காடு காலம் கடந்தும் பதில் வராவிட்டால், யார் இருந்தாலும் கொடுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, முகவரி தர முடியாத சர்வர் பதில் சொல்லத் தேவையில்லை என்பதுதான். 'இல்லை' என்று மறுக்கும் செய்தி டிஸ்கவருக்குக் கிடையாது. சர்வர் செத்துக் கிடந்தாலும், கொடுக்க வேண்டிய முகவரிகளின் பூல் காலியானாலும், கேபிள் அறுந்திருந்தாலும் கருவிக்குத் தெரிவது ஒரே மௌனம்தான். அந்த மௌனத்தின் அடையாளமே விண்டோஸில் தெரியும் 169.254 என்று தொடங்கும் முகவரி. விண்டோஸ் 98 காலத்தில் வந்த இந்த வழக்கம் 2005இல் ஆர்எஃப்சி 3927 ஆகப் பொதுத் தரமானது. அந்த முகவரியைப் பார்த்ததும் "சர்வர் தப்பான ஐபி கொடுக்குது" என்று சொல்பவர்கள் உண்டு. சர்வர் எதையுமே கொடுக்கவில்லை. கருவி தானே சூட்டிக்கொண்ட முகவரி அது. விண்டோஸ் அதன் பிறகும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டு இடத்தில் காது வைப்பது

சர்வரில் டிசிபிடம்ப், கருவியில் வயர்ஷார்க். இரண்டிலும் 67, 68 போர்ட்டுகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு, கருவியில் ஐபியை விடுவித்துப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். டிஸ்கவர் கருவியை விட்டுக் கிளம்பி, சர்வர் பக்கம் வரவே இல்லையென்றால் பழுது பாதையில். வந்தது, ஆஃபர் கிளம்பவில்லை என்றால் சர்வரில். ஆஃபர் கிளம்பியது, கருவியில் தெரியவில்லை என்றால் திரும்பும் பாதையில். கருவிக்கு ஆஃபர் வந்தும் அது ரிக்வெஸ்ட் அனுப்பவில்லை என்றால், ஆஃபரிலேயே ஏதோ அதற்கு ஒவ்வவில்லை. நான்கும் முடிந்தும் இணையம் வரவில்லை என்றால், அது வேறு கதை: கேட்வேயோ டிஎன்எஸ் முகவரியோ தவறாகப் போயிருக்கிறது.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. டிசிபிடம்பில் பாக்கெட் தெரிகிறது என்பதால் அது சர்வர் மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை. லினக்ஸில் அது ஃபயர்வாலுக்கு முன்பாகவே பாக்கெட்டைப் பார்த்துவிடும். டிஎன்எஸ்மாஸ்க் போன்ற மென்பொருள் சாதாரண யுடிபி சாக்கெட்டில் கேட்பதால், ஃபயர்வால் 67ஐ அடைத்திருந்தால் டிசிபிடம்பில் டிஸ்கவர்கள் வரிசையாக ஓடும், டிஎன்எஸ்மாஸ்கின் லாகில் ஒரு வரிகூட இருக்காது. ஐஎஸ்சியின் பழைய டிஹெச்சிபி சர்வரோ ஃபயர்வாலைத் தாண்டி நேராகப் பிணைய அட்டையிலிருந்தே பாக்கெட்டை எடுத்துக்கொள்ளும். ஆகவே அதே ஃபயர்வால் விதி அங்கே முகவரி கொடுப்பதைத் தடுக்காது.   

வழியில் தொலையும் டிஸ்கவர்

டிஸ்கவர் பொது அறிவிப்பு என்பதால் தன் விலானை விட்டு வெளியே போகாது. ஸ்விட்ச் போர்ட் தவறான விலானில் இருந்தால் அது சர்வர் இல்லாத அறையில் கத்திக்கொண்டிருக்கும். சர்வர் வேறு விலானில் இருந்தால் ரிலே வேண்டும். புதிய விலான் உருவாக்கும்போது ரிலே வரியை எழுத மறப்பது அன்றாடம் நடப்பது. இவை எளிது, உடனே பிடிபடும்.

சற்று நுட்பமானது ஸ்பேனிங் ட்ரீ. கேபிள் செருகியதும் பழைய ஸ்பேனிங் ட்ரீ ஓடும் ஸ்விட்ச், சுழற்சி இருக்கிறதா என்று பார்க்க 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும். ஆக 30 விநாடிக்கு அந்த போர்ட்டில் பாக்கெட் எதுவும் நகராது. கருவியோ லிங்க் வந்த மறுகணம் கேட்கத் தொடங்கிவிடும். ஆர்எஃப்சி பரிந்துரைக்கும் கணக்குப்படி 4 விநாடி, 8 விநாடி, 16 விநாடி என்று காத்திருந்து மறுபடி கேட்டாலும், முதல் கேள்விகள் எல்லாம் மூடிய கதவில் மோதி விழுகின்றன. பொறுமை இல்லாத கருவி கைவிட்டுவிடும். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் வராது, சற்றுப் பொறுத்து ஐபியைப் புதுப்பித்தால் வந்துவிடும் என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கணினி மட்டும் செருகப்படும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பதே மருந்து.

எல்லாவற்றிலும் கடினமானது ஸ்னூப்பிங்கும் ஆப்ஷன் 82உம் சேர்ந்து செய்யும் வேலை. யாராவது திருட்டுத்தனமாக ஒரு டிஹெச்சிபி சர்வரை மாட்டினால் தடுப்பதற்காக ஸ்விட்சில் ஸ்னூப்பிங்கை இயக்குகிறோம். நல்ல வேலைதான். ஆனால் சிஸ்கோ ஸ்விட்சுகள் பலவற்றில் அதை இயக்கியதும், கேள்வி எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பை ஆப்ஷன் 82 ஆகப் பாக்கெட்டில் செருகிவிடும். அதே நேரம் ரிலே முகவரிக் கட்டத்தில் சுழியம்தான் இருக்கும், ஏனென்றால் அந்த ஸ்விட்ச் ரிலே அல்ல. இந்தப் பாக்கெட் மேலே இருக்கும் லேயர் 3 ஸ்விட்சுக்குப் போகிறது. அது பார்க்கிறது: ரிலே வைக்க வேண்டிய குறிப்பு இருக்கிறது, ரிலேயின் முகவரி இல்லை, யாரோ போலியாகச் செய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டித் தூக்கிப்போட்டுவிடுகிறது. கீழ் ஸ்விட்சில் எல்லாம் சரியாக இருக்கும். மேல் ஸ்விட்சில் ரிலே வரி சரியாக இருக்கும். சர்வரும் சரியாக இருக்கும். சர்வர் லாகில் மட்டும் எதுவும் வராது. மேல் ஸ்விட்சில் அந்தக் குறிப்பை நம்பச் சொல்ல வேண்டும், அல்லது கீழே செருகுவதை நிறுத்த வேண்டும். இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்ததால் வந்த பழுது இது. தனித்தனியாக எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் பிடிபடாது.

சர்வர் வாய் திறக்காதபோது

பாக்கெட் சர்வர் வரை வந்துவிட்டது, பதில் மட்டும் இல்லை என்றால் லாக்தான் துணை. சர்வர் இயங்கவே இல்லையா என்று முதலில் பார்ப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஐஎஸ்சி டிஹெச்சிபியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும், அதன் வாரிசான கியாவின் ஜேசான் ஃபைலில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் சேவை எழாது. ஐஎஸ்சி தன் பழைய சர்வரின் பராமரிப்பை 2022 இறுதியில் நிறுத்திவிட்டதால், பலர் கியாவுக்கு மாறும் நேரத்தில் இந்த வகைத் தடுமாற்றம் கூடியிருக்கிறது. மெய்நிகர் கணினிகளுக்காகத் தானே கிளம்பிய இன்னொரு டிஎன்எஸ்மாஸ்க் 67ஆம் போர்ட்டைப் பிடித்துவைத்திருப்பதும் உண்டு.

விண்டோஸ் சர்வரில் வேறு வகை. ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்ந்த டிஹெச்சிபி சர்வருக்கு அந்த டைரக்டரியில் அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேவை ஓடுவதுபோல் தெரிந்தாலும் யாருக்கும் முகவரி தராது. ஈவென்ட் லாகில் 1046 என்ற எண் இதைச் சொல்லும். 1063 என்றால் ஸ்கோப்பில் கொடுக்க முகவரி மிச்சமில்லை.

ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சில நேரம் சரியாகிறது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஐஎஸ்சி டிஹெச்சிபி தொடங்கும் நேரத்தில்தான் எந்தெந்தப் பிணைய அட்டை இருக்கிறது, அதில் என்ன முகவரி என்று பார்க்கும். மின்சாரம் போய் வந்து சர்வர் பூட் ஆகும்போது, அட்டைக்கு முகவரி வருவதற்கு முன்பே சேவை எழுந்துவிட்டால், கேட்க இடமே இல்லை என்று அணைந்துவிடும். பத்து நிமிடம் கழித்துக் கையால் தொடங்கினால் எல்லாம் தயாராக இருக்கும், ஓடும். அடுத்த மின்வெட்டு வரை நிம்மதி. சேவை எழும் வரிசையைத் திருத்தாமல் இது தீராது. ரீஸ்டார்ட்டுக்கு முன் லாகின் கடைசி ஐம்பது வரிகளையாவது எடுத்துவைக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

வட்டு நிறைந்துபோவதையும் சேர்த்துக்கொள்ளலாம். லீஸைப் பதிவு செய்யாமல் சர்வர் அக் அனுப்பக் கூடாது. எழுத இடமில்லை என்றால் கொடுக்கவும் முடியாது. லீஸ் ஃபைலின் உரிமையாளர் மாறிவிட்டாலும் இதே கதி.

பூல் காலியாவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பத்தாண்டில் அதன் தன்மையே மாறிவிட்டது. 24 பிட் சப்நெட் ஒன்றில் 254 முகவரிகள். விண்டோஸ் சர்வரின் இயல்பான லீஸ் காலம் 8 நாள். ஒரு நூலக வைஃபைக்கு நாளுக்குப் புதிதாக 60 போன்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். வந்தவர் அரை மணியில் போய்விட்டாலும் அவருக்குக் கொடுத்த முகவரி 8 நாள் பூட்டிக் கிடக்கும். ஐந்தாம் நாள் முடிவதற்குள் பூல் தீர்ந்துவிடும். அறையில் பத்துப் பேர்தான் இருப்பார்கள், பதினோராவது ஆளுக்கு ஐபி வராது. இதற்கு மேல், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10உம் 2020இல் வந்த ஐஓஎஸ் 14உம், பின்தொடரப்படாமல் இருக்க ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு போலி மேக் முகவரி காட்டத் தொடங்கின. மேக் முகவரி மாறினால் சர்வருக்கு அது புதுக் கருவி. ஒரே கட்டடத்தில் இரண்டு வைஃபை பெயர்கள் ஒரே பூலில் இருந்தால் ஒரே போன் இரண்டு முகவரி வைத்திருக்கும். மேக் முகவரியை வைத்து முகவரி ஒதுக்கும் பழைய ஏற்பாடுகளும் இதில் ஆட்டம் கண்டன.

லீஸ் காலம் எவ்வளவு வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நீளமாக வைத்தால் சர்வர் சற்று நேரம் படுத்துவிட்டாலும் யாருக்கும் தெரியாது. யாரிடம் எந்த முகவரி என்ற கணக்கும் நிலையாக இருக்கும். குறைத்தால் முகவரி சீக்கிரம் திரும்பும், ஆனால் சர்வர் நின்றால் உடனே வலிக்கும். என்னைக் கேட்டால், மேசைக் கணினிகளுக்குச் சில நாள்கள், விருந்தினர் வைஃபைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் என்று பிரித்துவிடுவேன். எல்லா விலானுக்கும் ஒரே எண் போடுவதுதான் தவறு.

முகவரி தீர்ந்த நேரத்தில் செய்யும் அவசர வைத்தியம் ஒன்றையும் இங்கே கண்டித்தாக வேண்டும்: "இந்த ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் ஸ்டேட்டிக் போட்டுடுங்க." பூலுக்குள் இருக்கும் எண் ஒன்றைக் கையால் போட்டுவிடுவார்கள். சர்வருக்கு அது தெரியாது. ஆஃபர் கொடுக்குமுன் அந்த முகவரிக்குப் பிங் அனுப்பிப் பார்க்கும் சர்வர்கள் உண்டு. ஆனால் அந்த நேரம் அந்தக் கணினி அணைந்திருந்தால் முகவரி வேறொருவருக்குப் போய்விடும். பிறகு இரண்டும் மோதும். மோதலைக் கண்ட கருவி டிக்ளைன் அனுப்ப, சர்வர் அந்த முகவரியைப் பயன்படாதது என்று ஒதுக்கிவைக்கும். விண்டோஸில் அது பேட் அட்ரஸ் என்று பட்டியலில் நிற்கும். ஏற்கெனவே சுருங்கிய பூல் இன்னும் சுருங்கும். நிலையான முகவரி வேண்டுமென்றால் பூலுக்கு வெளியே ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும், அல்லது சர்வரிலேயே ரிசர்வேஷன் போட வேண்டும்.

இரண்டு சர்வர் வைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது என்ற நம்பிக்கை முழு உண்மை அல்ல. ஐஎஸ்சியின் ஃபெயில்ஓவரில் இரண்டு சர்வரும் காலி முகவரிகளைப் பங்குபோட்டு வைத்திருக்கும். ஒன்றோடொன்று பேச்சு நின்றால், ஒன்றின் பங்கு தீர்ந்த பிறகு, மிச்சம் எல்லாம் இணை சர்வரிடம் இருப்பதாக லாகில் எழுதிவிட்டு அது மௌனமாகிவிடும். மற்றது உண்மையிலேயே இறந்துவிட்டது என்று நிர்வாகி சொல்லும்வரை அந்தப் பங்கைத் தொடாது. விண்டோஸ் ஃபெயில்ஓவரிலோ இரண்டு கடிகாரங்களும் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது.

பதில் திரும்பாத பாதை

ரிலே வழியாக வந்த கேள்விக்கு, சர்வர் ரிலேயின் முகவரிக்கே பதில் அனுப்பும். அந்த முகவரிக்குப் போக சர்வரில் வழி இல்லையென்றால் ஆஃபர் கிளம்பிய இடத்திலேயே காணாமல் போகும். சர்வர் லாகில் ஆஃபர் ஆஃபராக வரிசை நிற்கும், ரிக்வெஸ்ட் ஒன்றும் இருக்காது. இந்த வடிவம் தெரிந்தால் ரவுட்டிங் டேபிளையும், சர்வரின் அப்லிங்க் போர்ட் ஸ்னூப்பிங்கில் நம்பகமானதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்விட்சை மாற்றிய மறுநாள் வரும் பழுதில் பாதி இதுதான்.

விண்டோஸ் விஸ்டா வந்தபோது இதன் வேறொரு வடிவத்தை உலகம் முழுதும் பார்த்தது. பதிலைப் பொது அறிவிப்பாகவே அனுப்பு என்று கேட்கும் ஒரு பிட்டை விஸ்டா இயல்பாகவே இயக்கியிருந்தது. முந்தைய எக்ஸ்பியில் அப்படி இல்லை. சில வீட்டு ரவுட்டர்களுக்கு அந்தப் பிட்டைக் கையாளத் தெரியவில்லை. எக்ஸ்பிக்கு ஐபி வந்தது, பக்கத்தில் இருந்த விஸ்டாவுக்கு வரவில்லை. ரெஜிஸ்ட்ரியில் அதை அணைக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டியதாயிற்று. மெய்நிகர் கணினிகளிலும் இப்படி ஒன்று நடந்தது. யுடிபி செக்சம்மைக் கணக்கிடும் வேலையைப் பிணைய அட்டை பார்த்துக்கொள்ளும் என்று லினக்ஸ் விட்டுவிடும். ஒரே இயந்திரத்துக்குள் சர்வரும் விருந்தினர் கணினியும் இருக்கும்போது பாக்கெட் எந்த அட்டையையும் தொடுவதில்லை. கணக்கிடாத செக்சம்மோடு வந்த ஆஃபரைக் கருவி பழுதானது என்று தள்ளிவிட்டது. ஐபிடேபிள்ஸில் செக்சம்மை நிரப்புவதற்கென்றே ஒரு விதி சேர்க்கப்பட்டது இதற்காகத்தான்.

பதில் வருகிறது, ஆனால் வேறு யாரோ தருகிறார்கள் என்பது இன்னொரு பெரிய வகை. ஊழியர் ஒருவர் தன் அறைக்கு வைஃபை வேண்டுமென்று வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகிவிடுவார். அலுவலகம் 10இல் தொடங்கும் முகவரியில் இருக்க, சிலருக்கு மட்டும் 192.168இல் முகவரி வரத் தொடங்கும். யாருடைய ஆஃபர் முந்துகிறதோ அதுவே பெரும்பாலும் எடுபடும். பிடிக்க வழி சுலபம்: ஆஃபரில் இருக்கும் ஆப்ஷன் 54 கொடுத்தவரின் முகவரியைச் சொல்லும், அதன் மேக் முகவரியை ஏஆர்பி பட்டியலில் எடுத்து, ஸ்விட்சின் மேக் டேபிளில் தேடினால் போர்ட் எண் வந்துவிடும். பிறகு நடந்து போய்ப் பிடுங்க வேண்டியதுதான்.

ஐபிவி6 வந்த பிறகு

ஐபிவி6இல் கணக்கே வேறு. முகவரியைக் கருவி தானே உருவாக்கிக்கொள்வதா, சர்வரிடம் கேட்பதா என்பதை ரவுட்டரின் அறிவிப்பில் உள்ள பிட்டுகள் சொல்கின்றன. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் டிஹெச்சிபிவி6 சர்வர் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கேட்வே முகவரியும் அந்த அறிவிப்பிலிருந்துதான் வருகிறது. ஆண்ட்ராய்டோ நீண்ட காலம் டிஹெச்சிபிவி6இல் முகவரி வாங்குவதையே ஆதரிக்கவில்லை. அதை நம்பிப் பிணையம் அமைத்தவர்கள், மடிக்கணினிக்கு வருகிறது, போனுக்கு வரவில்லை என்று சர்வரைக் குடைந்திருக்கிறார்கள்.

கடைசியாக, பழுதே இல்லாமல் பழுதுபோல் தெரியும் ஒன்று. 2020 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 8925, ஆப்ஷன் 108ஐக் கொண்டுவந்தது. ஐபிவி6 மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய போன் ஒன்று இந்த ஆப்ஷனைக் கேட்டு, சர்வரும் அதைக் கொடுத்தால், போன் ஐபிவி4 முகவரியை வாங்காமலே நின்றுவிடும். பாக்கெட் பிடித்துப் பார்த்தால் டிஸ்கவர் இருக்கும், ஆஃபர் இருக்கும், ரிக்வெஸ்ட் இருக்காது. மேலே சொன்ன பாதைப் பழுதின் அதே வடிவம். ஆஃபரைத் திறந்து ஆப்ஷன் 108 இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும்.